மேட்டுல மட்டும் வழுக்குற கியர்

இல்ல தம்பி, எண்ணெய் போட்டு அனுப்புற வேலையெல்லாம் வேண்டாம். அதை ஏற்கெனவே மூணு கடையில போட்டாச்சு. இந்தச் சைக்கிள் குடிச்ச எண்ணெயில எங்க வீட்டுல ஒரு மாசம் தாளிச்சிருக்கலாம். கியர் வழுக்குது. அதுவும் சமதரையில இல்ல, மேட்டுல மட்டும். மூணுல இருந்து ரெண்டுக்குத் தள்ளினா, கொஞ்ச நேரம் காதுலயே விழாத மாதிரி கம்முனு இருக்கும். அப்புறம் திடீர்னு டொக். பெடல் காத்துல போகும். போன வாரம் முழங்கால் ஹேண்டில்பார்ல இடிச்சு... சரி, அதை உங்ககிட்ட எப்படிக் காட்டறது, கத்திரிக்காய் நிறத்துல இருக்குன்னு வச்சுக்குங்க.

இந்த ஸ்டூல்ல உட்காரட்டுமா? டியூப் கிடக்கு. நான் எடுத்து வச்சிக்கறேன், நீங்க வேலையைப் பாருங்க.

என்னை வாயாடின்னு நினைச்சிடாதீங்க. நான் லைப்ரரியில இருக்கேன். எட்டு மணி நேரம் 'உஷ்'னு ஒரு சத்தத்தைத் தவிர வாயில இருந்து எதுவும் வராது. வெளிய வந்தா அடைச்சு வச்சதெல்லாம் கொஞ்சம்... வருது. லைப்ரரி அந்த மேட்டு உச்சியில. படிக்க வர்றவங்க மூச்சு வாங்கிட்டுத்தான் வரணும்னு எவரோ யோசிச்சுக் கட்டியிருக்கார்.

இன்னிக்கு எனக்கு லீவு. சாயங்காலம் ஆறு மணிக்கு இதை வாங்கிட்டுப் போக ஆள் வருது தம்பி. எங்க வீட்டுக்காரரோட ஆபீஸ் சிநேகிதர். 'அதுக்குள்ள சரியாச்சுன்னா வச்சுக்கோ, இல்லன்னா குடுத்துட்டு நாளையில இருந்து என் ஸ்கூட்டர்ல உட்காரு'ன்னுட்டார் வீட்டுக்காரர். அவர் கிளம்புறது காலையில ஏழு மணிக்கு. லைப்ரரி திறக்கிறது ஒன்பதரைக்கு. நடுவுல நான் படியில உட்காந்து பூட்டைப் பார்த்துட்டு இருக்கணும். அதுகூடப் பரவாயில்ல. முன்னாடி போற ஒவ்வொரு வண்டிக்கும் அறிவுரை சொல்லிட்டே ஓட்டுவார். ஒரு மனுஷன் எப்படித்தான் விடாம பேசுறாரோ. இந்தச் சைக்கிள்ல ஏறிட்டா இருபது நிமிஷம் நான் யாருக்கும் மனைவியும் இல்ல, அம்மாவும் இல்ல, மேடமும் இல்ல. அதைப் போய் சிநேகிதருக்குக் குடுக்கறாராம்.

என்ன, கேபிளா? ரெண்டாவது கியர்ல வச்சா பின்சக்கரத்துக்கிட்ட இருக்கிற அந்தக் குட்டி ஜன்னல்ல மஞ்சள் கோடு நடுவுல நிக்கணும். தெரியும். நிக்குதா? நிக்கும். பாலத்தடி மெக்கானிக் அதை அரை மணி நேரம் திருகினார். மார்க்கெட் கடைக்காரர் சக்கரத்தையே கழட்டி, கியர் இருக்கிற அந்த நடு உருண்டையைத் திறந்து, உள்ள இருக்கிற பல்லையெல்லாம் துடைச்சு மாட்டினார். 'ஒரு பழுதும் இல்லக்கா, நீங்க மேடு ஏறும்போது...'ன்னு ஆரம்பிச்சார். எந்த மேடுன்னே தெரியாம பேசறாரேன்னு, வளைவு, பள்ளம், பேக்கரி வாசல் எல்லாத்தையும் விளக்கமா சொன்னேன். அப்புறம் அவர் பேசவே இல்ல. மூணாவது கடையில எண்ணெயை மட்டும் போட்டுட்டு, ஏதோ அவசர வேலைன்னு ஷட்டரை இழுத்துட்டாங்க.

ஓட்டிப் பார்க்கறீங்களா? போங்க, போங்க. அந்தத் திருப்பம் வரைக்கும் ஏத்தம்தான்.

...வந்துட்டீங்களா? வழுக்கல, இல்ல? அதான் தம்பி. யார் ஏறினாலும் நல்ல பிள்ளையா இருக்கு. என் மேல மட்டும் இதுக்கு என்ன வன்மம்னு தெரியல.

நான் ஏறணுமா? சரி, கூடவே வாங்க. இப்ப மூணுல இருக்கேன். ஏத்தம் வருது. இப்ப ரெண்டுக்குத் தள்றேன். தள்ளிட்டேன். மாறல, பாத்தீங்களா? நானும் விடல, நல்லா எழுந்து நின்னு, அழுத்தி, மிதி மிதின்னு... டொக். கேட்டுச்சா? இப்ப நம்பறீங்களா? ஏன் தம்பி தலையில கை வைக்கிறீங்க?

எதுக்கு அந்த டயர் அட்டைப்பெட்டியைக் கிழிக்கிறீங்க? என்ன எழுதறீங்க? குடுங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன். 'கியர் மாத்துற அந்த ஒரு நொடி மிதிக்காதீங்க. காலைச் சும்மா வச்சு மாத்திட்டு, அப்புறம் மிதிங்க.'

இவ்வளவுதானா? மேட்டுல மிதிக்காம விட்டா வண்டி நின்னுடாதா? ஒரு நொடிக்கு நிக்காதா... இருங்க, போயிட்டு வந்துடறேன்.

...மாறிடுச்சு. சின்னதா ஒரு டிக். அவ்வளவுதான். திருப்பத்துக்கு மேலயும் போயிட்டு வந்தேன்.

அது என்னன்னா தம்பி... பழைய சைக்கிள்ல பல்சக்கரமெல்லாம் இது மாதிரி உருண்டைக்குள்ள இல்லாம, வெளிய அடுக்கடுக்கா இருக்கும். அது மிதிச்சாத்தான் மாறும். பதினோரு வருஷப் பழக்கம். இதை வாங்கும்போது கடைப் பொண்ணு ஏதோ சொல்ல வந்தா. 'சைக்கிள் எனக்குப் புதுசு இல்லம்மா'ன்னு நான்தான்... பழைய சைக்கிள் கதையை ஆரம்பிச்சேன்னு நினைக்கிறேன்.

ஒரு நிமிஷம். ஹலோ, ஏங்க, உங்க சிநேகிதரை வர வேண்டாம்னு சொல்லிடுங்க. சரியாயிடுச்சு. என்ன கோளாறுன்னா கேக்கறீங்க? அது உள்ளுக்குள்ள இருக்கிற விஷயம், சொன்னா உங்களுக்குப் புரியாது. வைக்கிறேன்.

சிரிக்காதீங்க தம்பி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் வந்ததுமே இதை வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உங்களுக்கும் எனக்கும் முக்கால் மணி நேரம் மிச்சமாகியிருக்கும்ல? ஏன் சொல்லல? ...இருங்க, இருங்க, நான் கேட்டு முடிச்சிடறேன்.