சிவப்புக் கொடிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை

...இல்ல தம்பி, நான் கேக்குறது ஒண்டே ஒண்டுதான். மாப்பிள்ளை என்ன சீமெந்து லொறியா, பாலத்துல முட்டி உடைச்சுப் போடுறதுக்கு? அம்பத்தெட்டுக் கிலோ. கோட்டு, சப்பாத்து எல்லாத்தோட நிறுத்தாலும் அறுவது தாண்டாது. அவரு இந்தப் பாலத்துக்குக் கீழால ஒருக்காப் போனா ஒங்கட தூண் சரிஞ்சிருமா? அதுக்கே சரியிற தூணெண்டா திருத்தி என்னத்துக்கு? விட்டுருங்க, போகட்டும்.

இந்தாங்க, மொதல்ல இந்தப் பிளேன்டியக் குடிங்க. லஞ்சமில்ல, பயப்படாதீங்க. கல்யாண ஊட்டுத் தேத்தண்ணி. கல்யாணம் நடந்தாக் கல்யாண ஊடு, நடக்காட்டி வெறும் ஊடு. எது எண்டு இப்ப ஒங்கட கையில இரிக்கிற கொடிதான் சொல்லணும். பேதுரு தானே பேரு? தலவிலப் பக்கமா? ஓம், முகத்தப் பாத்தாலே தெரியிது, நல்ல புள்ள. நல்ல புள்ளையளுக்குத்தானே இந்த நாட்டுல ஒரு கொடியக் குடுத்து வெயில்ல நிப்பாட்டி வைக்கிறது! ஒங்கட அன்னம்மா திருநாளுக்குக் கருவாடு விக்கிற கடைக்காரங்ககிட்டக் கேட்டுப் பாருங்க, சித்தி லெய்லாட கருவாட்டு வாடி எண்டா ஆருக்குத் தெரியா? அந்தச் சித்தி லெய்லாதான் இப்ப ஒங்களுக்கு முன்னால நிண்டு கெஞ்சிக்கொண்டு இரிக்கிறது.

அங்க பாருங்க. நீங்க மறிச்சுக் கட்டின மிதவைக்கு அந்தப் பக்கம் ரெண்டு போட்டு, கல்யாண வள்ளம். முன்னால நிக்கிறதுல, குடைக்குக் கீழ, வெள்ளைக் கோட்டுல, அது என்ட மருமகன் ஃபாஹிம். மருமகனாகப் போற ஆள்... இன்னும் ஆகல்ல. அவருக்குப் பக்கத்துல கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரிக்கிறது அவர்ட உம்மா, பரீனா. இஞ்சயிருந்து கூப்பிட்டாக் கேக்கிற தூரம். ஆனா அஞ்சு தரம் போன் அடிச்ச, எடுக்கல்ல. போன் கையிலதான் இரிக்கி, அடிக்கக்குள்ள பாத்துட்டு மடியில வைக்கிறா, எனக்கு இஞ்சயிருந்தே தெரியிது. அந்தப் பக்கம் பாக்கவே வெக்கமா இரிக்கி. அதான் நான் இப்பிடித் திரும்பி நிண்டு ஒங்களோட கதைக்கிற.

என்னத்த எழுதி வச்சிரிக்காங்க அந்தப் பலகையில? காலையில ஆறுலருந்து எட்டு. பின்னேரம் நாலுலருந்து அஞ்சு. ஒரு நேரத்துல ஒரு போட்டு. இஞ்சின தண்ணிக்கு மேல தூக்கிப் போட்டு, தடியால தள்ளிக்கொண்டு போகணும். மூச்சு விடக் கூடாது எண்டு மட்டும் போடல்ல, அதை அடுத்த நோட்டீஸ்ல போடுவாங்க. சரி, இவ்வளவு சட்டம் போட்டீங்களே, வேலை நடக்குதா? ரெண்டு மாசமாப் பாக்குறன், தூணுக்குக் கட்டின அந்தப் பலகைத் தட்டுல ஒரு கொக்கு மட்டும்தான் நிண்டு மேற்பார்வை பாக்குது. அதுக்காவது சம்பளம் ஒழுங்காக் குடுக்குறாங்களா? இஞ்சினியர் வாரத்துக்கு ஒருக்கா வாறாரு, தொப்பி போடுறாரு, போட்டோ எடுக்குறாரு, தொப்பியக் கழட்டுறாரு, போறாரு. தொப்பி போட்டதுல தூண் ரெண்டு அங்குலம் வளந்திருக்கும்.

நீங்க சிரிக்கிறீங்க. எனக்குச் சிரிப்பு வரல்ல தம்பி. இது மூணாந்தரம் நாள் வச்சது, தெரியுமா? மொதல் நாள் வெள்ளத்துல போச்சு. ரெண்டாவது, பரீனாட கூடப்பொறந்த நானா மவ்த்தாயிட்டாரு, அடக்கின ஊட்டுல கல்யாணம் வைக்க ஏலுமா? மூணாவது இண்டைக்கு. பரீனா தெளிவாச் சொல்லிட்டா, இந்தத் தரமும் தள்ளிப் போனா அல்லாஹ் நாடல்ல எண்டு நெனச்சு வேற எடம் பாப்பம் எண்டு. வேற எடம்! எடமெல்லாம் ரெடியாத்தான் வச்சிருப்பா. அந்த நிக்காஹ் பதிவு எழுதுற அத்தாஉல்லா ஹஸரத் வேற, பன்னெண்டு மணிக்குப் போயே ஆகணும் எண்டு நிக்கிறாரு. நாளைக்கு மக்காவுக்கு உம்ரா போறாரு, திரும்பி வர ஒரு மாசம். நாலு மணிக்கு நீங்க பச்சைக் கொடி காட்டக்குள்ள மாப்பிள்ளை வருவாரு, ஹஸரத் இரிக்க மாட்டாரு. என்னத்தச் செய்யிற? மாப்பிள்ளைக்கு வட்டிலாப்பத்தக் குடுத்துத் திருப்பி அனுப்பவா?

இறங்கி நடந்து வந்தா என்ன எண்டு கேப்பீங்க. எப்பிடி நடக்கிற? பாலத்தத் தகரம் அடிச்சு மூடிட்டீங்க. போட்டு நிக்கிற எடத்துல இந்தக் கரையெல்லாம் கண்டல் மரமும் சேறும். இடுப்பளவு சேறு தம்பி, எருமை எறங்கவே யோசிக்கும். பரீனாக்கு முழங்கால் ரெண்டும் வருத்தம். அவவ அதுல எறக்கினா கல்யாணமும் மையத்து அடக்கமும் ஒரே நாளையில முடிஞ்சிரும்.

எங்கட மனுசன் எங்க எண்டு கேக்குறீங்களா? கல்யாணப் பொண்ணு நிஃப்லாட வாப்பா? அந்தா, பந்தலுக்குப் பக்கத்துல ஹஸரத்தோட குசுகுசுத்துக்கொண்டு நிண்டாரு, கொஞ்சம் முன்னால. முப்பத்தொரு வருசமா நான் என்ன சொன்னாலும் ஒரே பதில்தான், ‘பாப்பம்’. கூரை ஒழுகுது எண்டா, பாப்பம். புள்ளைக்கு வயசு போகுது எண்டா, பாப்பம். இண்டைக்குக் காலையில மாப்பிள்ளைட போட்ட மறிச்சிட்டாங்க எண்டு ஓடிப் போய்ச் சொன்ன. என்ன சொன்னாரு எண்டு நெனக்கிறீங்க? அதேதான். கதைக்கிறதுக்கெண்டு அந்த ஊட்டுல என்னைத்தான் வச்சிரிக்கி, வேற ஆரு இரிக்கா?

எல்லாம் அந்தப் பெட்டிசத்தால வந்த வினை. ஓம், பெட்டிசம்தான், ஒங்களுக்கு ஒண்டும் சொல்லல்லயா? இந்தப் பாலம் பாட்டுக்கு நிண்டிச்சு, போட்டுகள் பாட்டுக்குப் போச்சு. ஆரோ ஒரு நாசமாப் போனவன் பேரில்லாமப் பெட்டிசம் அடிச்சு அரசாங்கக் கச்சேரிக்கு அனுப்பிட்டான். கை இருந்தா எழுதிருவாங்க, மத்தவன்ட கஷ்டம் தெரியாம... சரி, நாசமாப் போனவன் எண்டு சொல்லக் கூடாது. அவனுக்கும் ஏதும் கஷ்டம் இருந்திருக்கும். அவன் எண்டும் சொல்ல ஏலாது, பொம்புளையாவும் இரிக்கலாம் தானே? பொம்புளையளுக்கும் எழுதப் படிக்கத் தெரியும் தானே? என்ன அப்பிடிப் பாக்குறீங்க?

சரி சரி. ஒங்ககிட்ட மறைச்சு என்னத்துக்கு, நீங்க கொடி புடிக்கிற ஆள், கதை காவுற ஆள் இல்ல. அந்தப் பெட்டிசம் நான்தான் அடிச்ச.

நீங்களே சொல்லுங்க தம்பி, என்ட கருவாடு காயிறது இந்தக் கரையில. பாயில பரத்திப் போட்டா, போட்டுகள் சீறிக்கொண்டு போகுது, அலை வந்து பாய நனைக்கிது. மெதுவாப் போங்கடா எண்டு கத்தினா கையக் காட்டிட்டுப் போறானுகள். போன வருசம் ஒரு கல்யாணப் போட்டு, இல்ல, மூணு போட்டு, பைலாப் பாட்டும் போட்டுக்கொண்டு, ரேஸ் ஓடிக்கொண்டு போனானுகள். மூணு நாள் காஞ்ச கட்டாக் கருவாடு முழுக்கத் திரும்பத் தண்ணிக்குப் போயிட்டு. செத்த மீன் நீந்திப் போறத நான் அண்டைக்குத்தான் கண்ட.

அலை அடிக்கிது எண்டு எழுதினா எந்தக் கச்சேரிக் கந்தோர்ல பாக்கப் போறாங்க? அதனால நான் கொஞ்சம் சேத்து எழுதின. போட்டு வேகத்துல பாலத்துட தூண் வெடிச்சுப் போச்சு, சாமத்துல சத்தம் கேக்குது, பொதுமக்கள் உசிரக் கையில புடிச்சுக்கொண்டு இரிக்காங்க எண்டு. சத்தமும் இல்ல, வெடிப்பும் இல்ல, எல்லாம் என்ட மண்டையில இருந்து வந்தது. கீழ ‘இப்படிக்கு, பொதுமக்கள்’ எண்டு போட்ட. நான் ஒரு ஆள்தான் பொதுமக்கள்.

நான் நெனச்சது, ‘மெதுவாகச் செல்லவும்’ எண்டு ஒரு பலகை போடுவாங்க எண்டு. இவங்க என்ன செஞ்சாங்க? முக்குளிக்கிற ஆள் ஒண்டக் கொண்டாந்து தண்ணிக்குள்ள எறக்கிப் பாத்தா, உண்மையாவே வெடிப்பு! வெள்ளம் வந்த நேரம் தூணுக்கு அடி மண் அரிச்சுப் போயிரிக்கி. இருவது வருசமா நான் எழுதின உண்மை ஒண்டுக்கும் வந்து பாக்காதவங்க, ஒரு பொய் எழுதினதுக்கு ஓடி வந்து அதை உண்மையாக்கிப் போட்டாங்க. இதுக்கு நான் ஆர்ட்டப் போய்ச் சொல்ற?

ஒரு வகையில பாத்தா, பஸ்ஸோட பாலம் தண்ணிக்குள்ள போகாம இரிக்கிறதுக்கு நான்தான் காரணம். மாலை போட்டாங்களா? மாலை வேணாம், மருமகன விடுங்க. எந்தச் சட்டத்துலயும் ஒரு விலக்கு இரிக்கும் மகன். கல்யாணம், மையத்து, புள்ளைப்பேறு, இதுகளுக்கெல்லாம் மனுசத்தன்மையா ஒரு வரி போட்டிருப்பாங்க. அந்தப் பலகையில நாலாவதா என்னமோ இரிக்கி, வாசிங்க. என்ட கண்ணாடி ஊட்டுல. ம்... ம்... ‘கல்யாண வள்ளங்கள் உட்பட எந்த வள்ளத்துக்கும், எவருடைய சிபாரிசின் பேரிலும்...’ 

இன்னொருக்கா வாசிங்க.

தம்பி... அது என்ட வசனம். சொல்லுக்குச் சொல் என்ட. அந்தப் பைலாப் போட்டுக்காரனுகள் மேல இருந்த கோவத்துல எழுதின. ‘விலக்கு அளிக்கப்படக் கூடாது’ எண்டு நான் முடிச்ச, அவங்க ‘அளிக்கப்படமாட்டாது’ எண்டு திருத்தியிரிக்காங்க. அவ்வளவுதான் அவங்கட வேலை.

இன்னும் ஒண்டு சொல்லவா? பரீனா ஏழு மணிக்கே வாறம் எண்டுதான் சொன்ன. நேரத்தோட பாலத்தத் தாண்டிருவம் எண்டு சொன்ன. நான்தான், ஏழு மணிக்கு வந்து என்ட வாசல்ல நிண்டு பல்லுத் தேய்க்கவா போறீங்க, சோறு தம்மில இரிக்கும், பத்தரைக்கு ஆறுதலா வாங்க எண்டு சொன்ன. பாலத்த நான் பாத்துக்கொள்றன், கொடி புடிக்கிற பொடியன் எனக்குத் தெரிஞ்ச ஆள் எண்டு சொன்ன. ஒங்கட பேர நான் இண்டைக்குத்தான் கேட்ட.

புள்ள உள்ள மருதோண்டி போட்ட கையோட உக்காந்திரிக்கி தம்பி. ‘உம்மா, வந்துட்டாங்களா?’ எண்டு நாலு தரம் கேட்டுட்டா. நான் என்னத்தச் சொல்ற? மாப்பிள்ளை வரல்ல மகள், உம்மாட பெட்டிசம்தான் வந்திரிக்கி எண்டா? எனக்குப் பயமா இரிக்கி. வாயால எவ்வளவும் கதைப்பன், ஆனா உள்ளுக்குப் பயமா இரிக்கி. அவ நல்ல புள்ள. என்னப் போல இல்ல, வாப்பாவப் போல. ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்ல மாட்டா, அதுதான் எனக்குத் தாங்க ஏலாது.

என்ன காட்டுறீங்க? திரும்பவா? மாட்டன். போட்டத் திருப்பிக்கொண்டு போறாங்க, அதுதானே? பரீனா போற முதுக நான் பாக்கணுமா? வேணாம் தம்பி. என்ன... என்னத்துக்கு இவ்வளவு அவசரமாக் கையக் காட்டுறீங்க, தேத்தண்ணி சிந்தப் போகுது, இருங்க...

யா அல்லாஹ்.

அது ஆரு போட்டுக்குள்ள? இடுப்பு வரைக்கும் சேத்தோட? அது... அது எங்கட மனுசனா? ஹஸரத்தும் போயிரிக்காரே, தொப்பியில கூடச் சேறு! பதிவுப் புத்தகத்தத் தலைக்கு மேல வச்சா கொண்டு போன? இவரு ஃபாஹிம்ட கையப் புடிச்சிரிக்காரு. பாருங்க தம்பி, கையக் கோத்துப் புடிச்சிரிக்காரு, நிக்காஹ்வுக்குப் பொண்ணுட வாப்பாவும் மாப்பிள்ளையும் இருந்தாப் போதும்தானே. எப்ப எறங்கின இவரு அந்தச் சேத்துல? நான் கதைச்சுக்கொண்டு நிக்கக்குள்ளயா? நீங்க பாத்துக்கொண்டா இருந்தீங்க? பாத்துட்டு ஏன் தம்பி எனக்கொரு வார்த்தை சொல்லல்ல?

...ஓம். நான் எங்க சொல்ல விட்ட.

கையத் தூக்கிட்டாங்க. துஆ ஓதுறாங்க. பரீனாவும் தூக்கியிரிக்கா, கண்ணாடியக் கழட்டிட்டு. முடிஞ்சிட்டு தம்பி, முடிஞ்சிட்டு, என்ட புள்ளைட நிக்காஹ் முடிஞ்சிட்டு. ஆமீன். ஆமீன்... இல்ல, அழல்ல, வெயில். இனி நாலு மணி வரைக்கும் ஆறுதலா மறிச்சு வைங்க, எனக்கென்ன.

நான் போறன். நிஃப்லாக்குச் சொல்லணும். வாப்பா சேத்துக்குள்ளால போய் நிக்காஹ முடிச்சிட்டாரு எண்டு சொல்லணும். அந்த நேரம் நீங்க எங்க உம்மா நிண்ட எண்டு கேப்பா. கேக்கட்டும். கரையில நிண்டு கதைச்சுக்கொண்டிருந்த எண்டு சொல்றன்.