சுவரில் இருக்கும் கண்கள்

வண்ணார்பேட்டையில் பஸ் நின்றபோது, முன் சீட்டுப் பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "ஊருல பாதி வீட்டுச் சுவருல என் கண்ணுதான் இருக்கு வே."

அவர் நகங்களில் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

"புரியலையே அண்ணாச்சி."

"பதினாறாம் நாளுக்குப் படம் கேட்டு வருவாவ. செத்த பொறவு எடுத்த போட்டோவத் தந்து, கண்ணத் தொறந்து வரைங்கம்பாவ. செத்தவுக கண்ணு எப்படி இருந்துச்சுன்னு எனக்கு யாரு சொல்லுவா? கண்ணாடியில என் கண்ணப் பாத்து வரைஞ்சிருவேன்."

"உங்க மவனுக்கு நாளைக்குப் பதினாறுல்லா? படம் முடிஞ்சிட்டா?"

பெரியவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவன் சிரிச்ச போட்டோ முன்னாலதான் இருக்கு. நாலு தடவ அழிச்சு வரைஞ்சிட்டேன். பழகுன கை, என் கண்ணையே வரையுது. அவன் அம்மா படத்தப் பாத்துட்டு, எம்புள்ள எங்கன்னு கேக்கா."