சனிக்கிழமைக்கு ஒரு நாய்

மார்க்கம் நகருக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு இளம்பெண்கள் இருந்தார்கள்.

“சனிக்கிழமை உங்கடை நாயைத் தருவியா?”

“ஏனடி? உனக்கு நாயெண்டாலே பயமெல்லே?”

“இன்டர்ன்ஷிப்பிலை ஒருத்தரும் என்னோடை கதைக்கிறேல்லை. மனேஜர் எப்பவும் தன்ரை நாயைப் பற்றித்தான் கதைப்பா. என்னட்டையும் ஒண்டு இருக்கெண்டு சொல்லிப்போட்டன். இப்ப தினமும் லஞ்சுக்குக் கூப்பிடுறா. என்னைப் பெர்மனென்ட் ஆக்கலாமெண்டும் சொன்னவ. சனிக்கிழமை ரெண்டு நாயையும் பார்க்கிலை விளையாட விடுவமாம்.”

“சரி, கொண்டு போ. நாய்க்கு என்ன பேர் சொன்னனீ?”

நாயைக் கேட்டவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“அவ டக்கெண்டு கேட்டவ. வாயிலை உன்ரை பேர்தான் வந்தது.”

தோழி கைப்பையால் அவளுக்கு ஒன்று போட்டாள்.

“அப்ப நானும் வாறன். பேரைக் கூப்பிட்டா ஒருத்தராவது திரும்பிப் பாக்கோணுமெல்லே.”