பெயர் எழுதாத கையெழுத்து

எங்கள் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடிவரை ஏறி வந்து மூச்சு வாங்குகிறவர்களுக்குக் குளிர்ந்த பார்லித் தேநீர் கொடுத்த பிறகுதான் நான் வியாபாரமே பேசுவேன். நேற்று உங்கள் ஆட்கள் இரண்டு பேருக்கும் கொடுத்தேன். வேண்டாம் என்றுவிட்டார்கள். வேலை நேரம், புரிகிறது.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. பதினாறு வருடம் குளியல்தொட்டி விற்கும் கம்பெனியில் விற்பனையாளனாக இருந்தேன். ஆட்குறைப்பு என்று வெளியே அனுப்பினார்கள். அப்போது எனக்கு நாற்பது வயது. நிப்பொன்பாஷிக் கடைத்தெருவில் சின்னச் சின்னக் கண்ணாடிப் பெட்டிகளை மாத வாடகைக்கு விடும் கடைகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் ஒரு பெட்டி எடுத்தேன். முழங்கால் உயரத்தில் இருந்த, குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற பெட்டி. அதில், பிராணிகளின் படம் போட்ட 'ஆழ்கடல்' சீட்டு விளையாட்டின் அட்டைகள் பதினொன்றை வைத்தேன். ஒரு வருடத்தில் கண் மட்டத்தில் நான்கு பெட்டிகள் என்னுடையவை. சும்மா வந்ததில்லை. நடையாய் நடந்து சேர்த்தது.

அந்த நாட்களில் பட்ட அவமானத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். புதிய தொகுதி வெளியாகும் அன்று வரிசையில் நிற்பேன். எங்களைப் போன்றவர்களை விரட்டுவதற்குக் கடைகளில் பரீட்சை வைப்பார்கள். கல்லாவில் நின்ற பெண் ஒரு படத்தைக் காட்டி, அந்தப் பிராணியின் பெயர் என்ன என்று கேட்டாள். அரிசி வாங்கி விற்கிறவனிடம் யாராவது நெல்லின் பெயர் கேட்கிறார்களா? அப்போது ஆழ்கடலில் முந்நூற்றுப் பன்னிரண்டு பிராணிகள். அத்தனையும் எனக்கு மனப்பாடம். சொன்னேன். அவள் சிரித்த முகத்தோடு பெட்டியின் மேலுறையைக் கிழித்தாள்.

"விளையாடத்தானே வாங்குறீங்க? நானே பிரிச்சுத் தந்துடறேன்."

மேலுறை கிழிந்த பெட்டி பாதி விலைக்கும் போகாது. அது அவளுக்கும் தெரியும். என் பின்னால் நின்றவர்கள், பிளாக்கில் விற்கிறவனுக்கு நன்றாக வேண்டும் என்று என் காதில் விழும்படியே பேசிக்கொண்டார்கள். அவர்களில் பாதிப்பேர் அதே அட்டைகளை மறுவாரம் என்னிடமே விற்க வந்தார்கள், கூச்சமே இல்லாமல். அப்படியும் நான் ஒருவரிடமும் குரலை உயர்த்தியதில்லை. விசாரித்துப் பாருங்கள்.

எபிசாவா வாத்தியாருக்கு வருகிறேன். ஆழ்கடலின் முதல் தொகுதியை வரைந்த ஓவியர் அவர்தான், மரியாதைக்கு எல்லோரும் வாத்தியார் என்போம். சாகாய் ஊரில் ஓட்டு வீடு. மனைவி கினுயே அம்மாள் மட்டும் கூட. வாத்தியாருக்கு எழுபத்துநான்கு வயது, இதயம் பலவீனம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு எதிரே உள்ள காப்பிக் கடையில் உட்கார்ந்து, யார் வந்தாலும் இலவசமாகக் கையெழுத்துப் போடுவார். போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்.

"பேரு?"

கையெழுத்துக்குக் கீழே இன்னாருக்கு என்று எழுதிவிடுவார். எழுதாமல் விடமாட்டார். ஓவியர்கள் பலருக்கும் உள்ள பழக்கம்தான், நம்மைப் போன்றவர்கள் விற்றுவிடக் கூடாது என்பதற்காக. அவருடைய வெறும் கையெழுத்து உள்ள நீலப் பாம்பு அட்டை எண்பதாயிரம் யென்னுக்குப் போகும். அதிலேயே 'டாக்சிக்காரி மொமோயோவுக்கு' என்று எழுதியிருந்தால் யார் வாங்குவார்? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த மனிதர் நாற்பது ஐம்பது அட்டைகளைக் காகிதமாக்கிக்கொண்டிருந்தார், சிரித்தபடி. நான் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். உணவை மண்ணில் கொட்டுகிறவனைப் பார்த்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு அப்படி இருந்தது. கோபம் என்று எழுத வேண்டுமானால் அங்கே எழுதுங்கள், அது நியாயமான கோபம்.

அதனால் ஒரு பொய் சொன்னேன். ஆஸ்பத்திரிகளில் நெடுநாள் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் அட்டைகள் கொண்டுபோய்க் கொடுப்பதாகவும், வாரத்துக்கு வாரம் பிள்ளைகள் மாறுவதால் பெயருக்கு இடம் விட்டால் அவர்களே எழுதிக்கொள்வார்கள் என்றும் சொன்னேன். அவர் நம்பினார். தம் சின்ன வயதில் இரண்டு வருடம் இதயக் கோளாறோடு படுக்கையில் கிடந்தாராம். அங்கேதான் வரையப் பழகினாராம். அது எனக்கு முன்பே தெரியும், ஒரு பேட்டியில் படித்திருந்தேன்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் மதியம் போவேன். கினுயே அம்மாள் அப்போது வட்டார மன்றத்துக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருப்பார். வாத்தியார் வெள்ளிநிற மைப் பேனாவைக் குலுக்கி, மேசை நிறைய அட்டைகளை வரிசையாகப் பரப்பி, எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுவார். அந்த மை பத்து நிமிடம் காய வேண்டும். அதற்குள் கை பட்டால் இழுபட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை அட்டைகள் என்றால், காய்ந்த பிறகு மெல்லிய கறுப்புப் பேனாவை எடுத்துப் பெயர் எழுதுவார். என்னுடையவற்றுக்கு அது கிடையாது. காயும்வரை நான் கொண்டுபோன மாவுருண்டையைத் தின்றபடி இருவரும் பேசிக்கொண்டிருப்போம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றரை வருடத்தில் சொந்தக் கடை வந்துவிட்டது. சுவர் முழுக்கக் கண்ணாடி, ஈரப்பதம் காட்டும் கருவி, சம்பளத்துக்கு ஒரு பெண். எந்தப் பரீட்சையும் வைக்காமல், எந்த உறையையும் கிழிக்காமல் விற்றேன். வந்தவர்களை மரியாதையாக நடத்தினேன்.

ஜூன் மாதம் வாத்தியார் நான் பெயர் சொல்லியிருந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்திருக்கிறார், பிள்ளைகளை நேரில் பார்க்க வேண்டும் என்று. அப்படி யாரும் அட்டை கொண்டு வருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் விசாரித்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். படிக்கட்டில் உள்ள கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் மாடித் திருப்பத்தில் நின்றார். இரண்டாவது திருப்பத்தில் படியிலேயே உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து சின்ன அலுமினியச் சிமிழை எடுத்து, ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான்கு நிமிடத்தில் முகம் தெளிந்து எழுந்தார். அந்த மாத்திரை அவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மேலே வந்து சுவரைப் பார்த்தார். தம் கையெழுத்துகளையும் அவற்றின் கீழே இருந்த விலைகளையும் வரிசையாக வாசித்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பார்லித் தேநீரைக் குடித்து முடித்து, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் இறந்துபோனார். மாலை பாட்டுப் பயிற்சி முடிந்து வந்த கினுயே அம்மாள், அவர் நாற்காலியில் சாய்ந்திருப்பதைப் பார்த்தார். இதயம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மாத்திரைச் சிமிழ் குளியலறை அலமாரியில் இருந்தது, மனிதர் மறந்து வைத்துவிட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் துக்கத்துக்குப் போனேன். இரண்டு வாரமாக அவரைப் பார்க்கவில்லை என்று கினுயே அம்மாளிடம் சொன்னேன். உங்கள் அலுவலகத்திலிருந்து வந்தவரிடமும் அதையேதான் சொன்னேன்.

அதன் பிறகு நான் செய்தது முட்டாள்தனம். அதற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம். கடையில் புதிதாக அறுபது அட்டைகளை வைத்தேன். வாத்தியாரின் கடைசிக் கையெழுத்துகள் என்று சீட்டு எழுதினேன். கூட்டம் படிக்கட்டுவரை நின்றது. ஐம்பத்தொன்பது விற்ற பிறகு ஒரு நாள் கினுயே அம்மாள் ஏறி வந்தார்.

"வீட்டுல தேடிப் பாத்தேன், தம்பி, அவர் கையெழுத்துப் போட்ட அட்டை ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் ஊருக்கே போட்டுக் குடுத்துட்டாரு. எனக்கு ஒண்ணு வேணும்."

மீதியிருந்த அந்த அறுபதாவது அட்டையை எடுத்துக் கொடுத்தேன். நெருங்கியவர் என்பதால் விலையில் பத்து சதவீதம் குறைத்தேன். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பாம்பைச் சுற்றி இந்தப் பொன் கோடு என்ன என்று கேட்டார். என் கடைப் பெண் முந்திக்கொண்டு, அது முப்பதாவது ஆண்டுப் பதிப்பு, ஜூன் இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில்தான் கடைகளுக்கே வந்தது என்று பெருமையாகச் சொன்னாள். கினுயே அம்மாள் பணத்தை எண்ணிக் கொடுத்து, குனிந்து வணங்கிவிட்டு இறங்கிப் போனார். நானும் குனிந்து வணங்கினேன். எனக்கு உறைக்கவே இல்லை.

வெளியீட்டார் வாத்தியாருக்கு அனுப்பிய இலவசப் பெட்டி திங்கட்கிழமைதான் வீட்டுக்கு வந்ததாம். அதை அம்மாள் அவர் படத்துக்கு முன்னால் பிரிக்காமலே வைத்திருந்தாராம். அப்படியானால் அதே இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் இறந்தவர் அந்தப் பதிப்பில் எப்படிக் கையெழுத்துப் போட்டார், யார் கொண்டுபோய்க் கொடுத்தது? அந்த அம்மாள் என் கடையிலிருந்து நேராக உங்களிடம் வந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்களை மனப்பாடம் செய்தவனுக்கு ஒரு தேதி தோன்றவில்லை. புதுச் சரக்கு என்றால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. எங்கள் தொழிலில் எல்லோருமே அப்படித்தான்.

சரி, அந்த மதியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் போனபோது மேசைமேல் ஒரு கடிதம் இருந்தது. என்னிடம் நீட்டினார். பெயர் எழுதாத எந்தக் கையெழுத்தையும் தம்முடையதாகக் கருத வேண்டாம் என்று ஆழ்கடல் ரசிகர்களுக்கு எழுதியிருந்தார். மறுநாள் காலை வெளியீட்டாரிடம் கொடுப்பதாக இருந்தார். கடையில் நானூறு அட்டைகள் இருந்தன. முன்பு வாங்கினவர்கள் எல்லோரும் என் சட்டையைப் பிடிப்பார்கள். கடை ஒரு வாரம்கூடத் தாங்காது. அதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"விக்காம இருக்கறத எல்லாம் கொண்டா, தம்பி. ஒவ்வொண்ணுலயும் பேர் எழுதித் தர்றேன். நெசமாவே ஆஸ்பத்திரிக்குப் போய்க் குடுத்துட்டு வா. நானும் கூட வர்றேன்."

என்னைத் திருத்தப் பார்த்தார். வேலை போய், முழங்கால் உயரப் பெட்டியிலிருந்து எழுந்து வந்தவனை, ஏதோ மிட்டாய் திருடியவனைப் போல மன்னித்தார். இவர்கள் எல்லோருக்கும் இது சுலபம். பெயரும் புகழும் வந்த பிறகு இலவசமாகக் கொடுப்பது யாருக்குத்தான் வராது? அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தை வார்த்தையில் சொல்ல முடியாது. ஆனால் வெளியில் சரி என்றேன். இன்றைக்கே தொடங்கலாம் என்றேன். காலையில் வந்த புதிய பதிப்பிலிருந்து அறுபது நீலப் பாம்புகளைப் பையில் கொண்டு வந்திருந்தேன். அவரைச் சமாதானப்படுத்த முன்பே எழுதி வைத்திருந்த ஒரு தாளையும், ஆஸ்பத்திரிப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் என்று காட்டினேன். அதில் இருந்தவை என் பழைய கம்பெனியில் வேலை பார்த்தவர்களின் பெயர்கள்.

அவர் மிகவும் சந்தோஷப்பட்டார். அறுபதுக்கு மேசையில் இடம் போதவில்லை. தேநீர்க் கோப்பையை எடுத்தேன், பூச்சாடியை எடுத்தேன், மாத்திரைச் சிமிழையும் எடுத்தேன். கோப்பையும் சாடியும் சமையலறைக்குப் போயின. சிமிழைக் குளியலறை வரை கொண்டுபோனேன். இட நெருக்கடியால் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது பொய், அந்த வரியை அடித்துவிடுங்கள்.

ஒரே மூச்சில் அறுபதிலும் கையெழுத்துப் போட்டார். பட்டியலில் முதல் பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டே கறுப்புப் பேனாவை எடுத்தார். அப்போது நான், பட்டியல் பொய் என்று சொன்னேன். ஆஸ்பத்திரியும் இல்லை, பிள்ளைகளும் இல்லை, இந்த அறுபதும் என் கடைக்குத்தான் என்று நிதானமாக, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். படிக்கட்டில் அந்த முகம் எப்படி மாறியது என்பதைப் பார்த்திருந்தேன் அல்லவா, அதேபோல மாறியது. கை சட்டைப் பைக்குப் போனது, பிறகு மேசையைத் தேடியது.

"தம்பி... சிமிழு."

"இருங்க வாத்தியாரே. மை காயட்டும்."

அவர் முன்பக்கமாகச் சாயத் தொடங்கினார். மேசைமேல் விழுந்திருந்தால் எல்லாம் இழுபட்டுப் போயிருக்கும். அதனால் நாற்காலியைப் பின்னால் இழுத்து, தோளைப் பிடித்துச் சாய்த்து உட்கார வைத்தேன். நீங்கள் எழுதிய தாளில் இருபது நிமிடம் என்று இருக்கிறது, அது தவறு. பத்து நிமிடம்தான். அந்த நேரம் முழுவதும் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அட்டைகளை உறைகளில் போட்டேன், கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டேன், கோப்பையையும் சாடியையும் பழைய இடத்தில் வைத்தேன்.

கொன்றேன் என்றே எழுதுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த மனிதரின் கடைசி உழைப்பு அந்த அறுபது கையெழுத்துகள். நான் மட்டும் அங்கே இல்லையென்றால், ஒன்றுகூடக் கலையாமல் அவற்றை யார் காப்பாற்றியிருப்பார்கள்?