உள்ளங்காலின் மஞ்சள்

தண்ணீர் இடுப்பைத் தாண்டுகிறது. என் தலையில் அலுமினிய அண்டா. அண்டாவுக்குள் அக்காவின் மகள். பிறந்து ஐந்து நாள். காலை ஏழு இருபது. ஆழ்வார்திருநகரிக்கு மேற்கே சாலை எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை.

"ஏலே, பாலத்துக்குப் போவாத! கரை உடைஞ்சிட்டு!" மாடியிலிருந்து யாரோ கத்துகிறார்.

திரும்புகிறேன். அக்கா என் சட்டையைப் பற்றியபடி வருகிறாள். குழந்தை நேற்று மாலையிலிருந்து பால் குடிக்கவில்லை. இப்போது அழுகிறது. மெல்லிய, கூரிய, ஒரே சுருதியிலான கீச்சு. முதுகு வில்லாய் வளைகிறது. அண்டா அதிர்கிறது.

வெள்ளத்தின் மீது பழி போட மாட்டேன். முந்தைய நாள் சாலை திறந்திருந்தது.

நான்காம் நாள். காலை பத்து மணி. மழை. பிரசவத்துக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கிராமச் செவிலியர் குடையோடு வந்தார். குழந்தையை வாசல் வெளிச்சத்தில் காட்டச் சொன்னார். நெற்றியில் விரலை அழுத்தி எடுத்தார். மஞ்சள். மார்பில் அழுத்தினார். மஞ்சள். உள்ளங்காலில் அழுத்தினார். அங்கும் மஞ்சள். காமாலை முற்றியிருக்கிறது, உடனே ரத்தம் பார்க்க வேண்டும் என்று தன்னோடு ஆட்டோவில் ஏறச் சொன்னார்.

நான் எழுந்தேன். பேச்சுப் போட்டிகளில் தோற்றறியாதவன். தாய்மாமன் வேறு. வாதங்களை அடுக்கினேன். குளிப்பாட்டும்போது மஞ்சள் தேய்த்திருக்கிறோம். பச்சைக் குழந்தைகள் மஞ்சளிப்பது இயல்பு. இளவெயிலில் காட்டினால் தெளியும். மழை விடட்டும்.

"பூசுன மஞ்சள் கழுவுனா போயிரும். இது அழுத்துன இடத்துல தெரியுது. உங்க பேச்சக் கேட்டு இது இறங்காது தம்பி" என்றார் செவிலியர்.

அதற்கும் மறுமொழி வைத்திருந்தேன். வீட்டார் என் பக்கம் தலையசைத்தார்கள். அக்கா குழந்தையின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். செவிலியர் தனியே போனார். வென்றேன். அன்று மாலை ஆற்றுவெள்ளம் கரை தாண்டியது.

மேட்டுச் சாலையில் ஒரு டிராக்டர் நிற்கிறது. ஓட்டுநரிடம் நிலைமையை விளக்கத் தொடங்குகிறேன்.

"நீ பேசாத. ஏறுல" என்கிறாள் அக்கா.

பகல் பன்னிரண்டு மணி. நெல்லையில் ஒரு மருத்துவமனை. காமாலையை இறக்கும் நீல விளக்கு. உடலின் ரத்தத்தையே மாற்றினார்கள். கீச்சு அடங்கியது. உயிர் தங்கியது. காமாலை மூளையைத் தொட்டுவிட்டது என்றார் மருத்துவர்.

இழந்தவற்றை எண்ணிச் சொல்கிறேன். பின்சுவர் ஒன்று. ஆடுகள் இரண்டு. பேச்சில் வென்ற என் கோப்பைகள் பதினேழு. செவிலியர் வந்ததிலிருந்து நீல விளக்கு வரை, இருபத்தாறு மணி நேரம். குழந்தையின் செவிகள் இரண்டு.

அவளுக்கு இப்போது இரண்டு வயது. பெயர் சொல்லி அழைக்கிறேன். திரும்பவில்லை. தரையைக் காலால் தட்டுகிறேன். திரும்புகிறாள்.