கடைசிப் படத்துக்குக் கீழே ஒரு நேரம்

படத்தில் ஓடுகிற ஆள் எப்போதும் புத்தகத்தின் உள்பக்கம் பார்த்துத்தான் ஓட வேண்டும். வெளியே பார்த்து ஓடினால், பக்கத்தைப் புரட்டுவதற்குள் ஆள் புத்தகத்தை விட்டே போய்விட்ட மாதிரி இருக்கும். பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை. கிடைத்த படத்தைக் கிடைத்த இடத்தில் ஒட்டிவிட்டு, ஸ்கிராப் புக் செய்தேன் என்று பெருமை பேசுவார்கள்.

நான் அப்படிச் செய்கிறவன் இல்லை, சார்ஜன் சுல்தான். நீங்களே புரட்டிப் பாருங்கள், போலீஸ் என்றாலும் கையை மட்டும் துடைத்துக்கொள்ளுங்கள். மாக் மண்டின் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம், வந்த சாமானையெல்லாம் அளந்து பார்த்து நல்லது வேறு, கழிவு வேறு என்று பிரித்தவன் நான். ஜெலுத்தோங் ஃபிளாட்டில் நான் தனி ஆள். சாப்பாட்டு மேசையில் மூன்று மாதம் இந்தப் புத்தகம்தான் பரப்பிக் கிடந்தது, நான் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டேன். என் சிநேகிதன் மோகனராஜுக்கு அறுபது நிறைகிறது, அவன் ஓடிய ஓட்டமெல்லாம் ஒரே புத்தகத்தில் வர வேண்டும் என்று கேட்டவள் அவன் மனைவி பிரமிளா.

"நல்லமுத்து அண்ணே, ஒங்கள விட்டா இத யாருலா செய்வா?" என்றாள். உண்மைதான், வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.

எல்லாப் பக்கத்துக்கும் ஒரே ஒழுங்கு வைத்தேன். மேலே படம். அதற்குக் கீழே அந்தப் போட்டியின் ஞாபகப் பொருள்: சட்டையில் குத்திய எண் துணி, ரிப்பன், பத்திரிகைத் துண்டு, ஒரு பக்கத்தில் கோலாலம்பூருக்குப் போன பஸ் டிக்கெட். வலது கீழ்மூலையில், கறுப்பு மையில், அவன் ஓடி முடித்த நேரம். ஒரே ஒரு பக்கம் தவிர, அந்த நேரமெல்லாம் நான் எடுத்தது. நாற்பது வருடம் அவன் ஓடினான், நான் ஸ்டாப்வாட்ச் பிடித்தேன். எங்கே போனாலும் என் தோளில் கையைப் போட்டு, "இவருதான் நம்ம டைம்கீப்பர்" என்பான். எனக்கும் இரண்டு கால் இருந்தது என்பது அவனுக்கு மறந்தே போயிற்று.

எனக்கென்று ஒரே ஒரு படம் உண்டு. 1983, ஆயிரத்தைந்நூறு மீட்டர். நான் முன்னால், அவன் இரண்டு எட்டு பின்னால். வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் அவனை ஜெயித்தேன். அதை நான்காம் பக்கத்தில் வைத்திருந்தேன். அவன் ஒருநாள் வீட்டுக்கு வந்து பார்த்தான். படத்தின் மேல் விரலால் கோடு போட்டான், சரியாக என் தோள்பட்டைக்குப் பின்னால்.

"இங்க வெட்டிருங்கண்ணே. நான் மட்டும் இருந்தா போதும்."

"வெட்டுனா நீ யாரத் தொரத்துறேன்னு தெரியாதேடா."

"தெரிய வேணாம்லா. புக்கு என்னுதுதானே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத்தான் வயிறு எரிந்தது. ஒரு வாரம் அந்தக் கோட்டில் கட்டரை வைத்து வைத்து எடுத்தேன். வெட்டவில்லை. நான் பொறுமைக்காரன்.

அடுத்த ஞாயிறு காலை, வழக்கம்போல் தண்ணீர்மலைக்குப் பின்னால் இருக்கும் காட்டுப் பாதைக்குப் போனோம். அடிவாரத்தில் அவனை ஒரு படம் எடுத்தேன், அதை அவனே பிரமிளாவுக்கு அனுப்பி வைத்தான். மற்றதெல்லாம் முன்பே சொல்லியிருக்கிறேன். எனக்கு முட்டி வலி, கீழேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் தனியாக ஓடி ஏறினான். வெகுநேரம் ஆகியும் வரவில்லை என்று போய்ப் பார்த்தால் பாறைக்கு அடியில் கிடந்தான். மழை பெய்த மண், வழுக்கிவிட்டது. நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன், அது பொய் அழுகை இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் புத்தகத்தை முடித்து எடுத்துக்கொண்டு போனேன். பிரமிளா பக்கம் பக்கமாகப் புரட்டினாள். நான்காம் பக்கத்தில் நானும் அவனும் முழுசாக இருந்தோம். கடைசிப் பக்கத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் படம். அதில் மட்டும் அவன் வெளியே பார்த்து நிற்கிறான், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கீழ்மூலையில் நாற்பத்தொரு நிமிடம், எட்டு விநாடி.

முப்பது வருடம் மைதானத்து ஓரத்தில் குடையைப் பிடித்து உட்கார்ந்திருந்தவள் அவள். விரலை அந்த மூலையில் வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஓடி முடிக்காத ஆளுக்கு டைம் கெடையாதேண்ணே. இது எந்த டைம்?"

அவள் உங்களுக்குப் போன் போட்டாள்.

எழுதாமல் விட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். முப்பத்தெட்டுப் பக்கத்தில் நேரம் இருக்கிறது. கடைசி மூலை மட்டும் வெறுமனே கிடந்தால் பார்க்கிறவர் கண் அங்கேதான் போய் நிற்கும். வேறு எண்ணைப் போட்டிருக்கலாம். ஆனால் பொய் நேரம் எழுதி எனக்குப் பழக்கமில்லை.

சரி, நானும் ஏறினேன். முட்டி வலி அவ்வளவு இல்லை. அவன் கீழே பாறை இடுக்கில் கிடந்தான், பேச்சு இருந்தது. "அண்ணே, போன் போடுங்கண்ணே" என்றான். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. "இருடா, வர்றாங்க" என்று சொல்லிவிட்டு ஒரு வேரின் மேல் உட்கார்ந்தேன். கொஞ்சம் கழித்து, "யாருண்ணே வர்றா?" என்று கேட்டான். அப்புறம் பிரமிளா பெயரைச் சொன்னான். பயந்துபோயிருந்தான், பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பிறகு பேச்சு நின்று மூச்சு மட்டும் வந்தது. முடிவுக் கோட்டில் தலையையோ கையையோ நாங்கள் பார்ப்பதில்லை, நெஞ்சைத்தான் பார்ப்போம். அவன் நெஞ்சு நின்றதும் வாட்சை நிறுத்தினேன். நாற்பத்தொன்று எட்டு.

நான் அவனைக் கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள். பார்த்துக்கொண்டிருந்தேன், நேரம் எடுத்தேன், அவ்வளவுதான். நாற்பது வருடமாக அவன் எனக்குக் கொடுத்த வேலை அது.

இப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு இதைக் கேட்கிறீர்கள்.

"பட்டன எப்பண்ணே அமுக்குனீங்க? அவரு வுழுந்த பெறகா?"

விழுந்த பிறகு அமுக்கினால் அதற்குப் பேர் நேரமா, தம்பி? ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கிச் சத்தம் காதில் விழும்வரை காத்திருப்பவன் கற்றுக்குட்டி. புகை தெரிந்ததுமே அமுக்க வேண்டும். நாற்பது வருடத்தில் ஒரு தடவைகூட நான் பிந்தியதில்லை, அன்றைக்கும் பிந்தவில்லை. இடது கட்டைவிரல் பட்டனில் இருந்தது, வலது கை அவன் முதுகில் இருந்தது. இரண்டையும் ஒன்றாகத்தான் அழுத்தினேன்.