கைப்பிடியைக் கழற்றச் சொன்னவள்

“வாளைப் பார்க்கவே இல்லடா என் பொண்டாட்டி. கைப்பிடியைக் கழட்டிக் காட்டுங்கன்னு கடைக்காரன்கிட்ட கேட்டா.”

உப்பலிலிருந்து செகந்திராபாத் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இரண்டு ஐடி நண்பர்கள்.

“என்ன வாள்?”

“ஐரோப்பாவுல அந்தக் காலத்துக் குதிரைவீரன் வெச்சிருந்த மாதிரி. முதல் தடவை வாங்குறேன். என் பட்ஜெட்டுக்கு, டிராகன் செதுக்கி, பளபளன்னு ஒண்ணு கிடைச்சுது.”

“அப்புறம்?”

“கழட்டினா, உள்ள பிளேடோட அடியில பென்சில் தடிமன்ல ஒரு கம்பியை வெல்டிங் வெச்சிருக்கான். ‘நக்கோ, இது வேணாம், ஒரு வீச்சுல பிளேடு பறந்துடும்’னுட்டா. நாச்சாரம் ஃபேக்டரியில தினமும் வெல்டிங் செக் பண்றவளாச்சே! அதே விலைக்கு, பிளேடே பிடிக்குள்ள கடைசிவரை போற சாதா வாளை எடுத்தா. கடைக்காரனே சலாம் போட்டான்.”

“வீட்டுக்கு வந்தா காட்டுவியா?”

“அவகிட்டதான் கேக்கணும். மூணு நாளா என் கைக்கே வரல.”